லெப்ட் அவுட்டுக்குப் பதிலாக வந்தவன்

மலாயாவில், லூபோக் சீனா ஊருக்கு அந்தப் பக்கம் இருந்த மேட்டுத் தோட்டத்துக்கு நான் ஒரு லாரியில் வந்து இறங்கினேன். அதே லாரியில் என்னோடு ஒரு வெள்ளைக் காளையும் வந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் பதிலாக அந்தத் தோட்டம் கொடுத்தது ஒரே ஓர் ஆளை.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. ஆற்றோரத் தோட்டத்தில் புகைக்கூடத்தில் ரப்பர் பாளம் காயப்போடும் வேலை. சாயங்காலத்தில் பந்து. கோல் கம்பத்துக்கு நடுவில் நிற்பேன். அந்த நாளில் அங்கிருந்த தொரைமார்களுக்குப் பந்தாட்டம் ஒரு பைத்தியம். வருஷத்துக்கு ஒரு முறை சுற்று வட்டாரத் தோட்டங்கள் எல்லாம் அலோர் காஜா திடலில் ஒரு வெள்ளிக் கோப்பைக்காக மோதும். அந்தக் கோப்பை எந்தத் தொரை பங்களாவில் இருக்கிறதோ, அவருக்குக் கிளப்பில் ஒரு வருஷத்துக்குப் பேச்சு எடுபடும்.

எங்கள் ஆற்றோரத் தொரைக்குக் கோல் காக்க இரண்டு பேர் இருந்தோம். கோல் போட ஆள் இல்லை. மேட்டுத் தொரைக்கு நேர்மாறு. அவரிடம் ஒரு லெப்ட் அவுட் இருந்தான். இடது ஓரமாகவே பந்தைக் காலோடு ஒட்டிக்கொண்டு ஓடுவான். பிடிக்க ஒருவராலும் ஆகாது. ஆனால் அவர்கள் கோலில் நின்றவன் கண்ணை மூடிக்கொண்டு பாய்கிறவன். முந்தின வருஷம் ஏழு கோல் வாங்கியிருந்தார்கள். இரண்டு தொரைகளும் ஒரு சனிக்கிழமை கிளப்பில் உட்கார்ந்து பேசி முடித்துவிட்டார்கள். லெப்ட் அவுட் ஆற்றோரத்துக்கு; கோலி மேட்டுக்கு. லெப்ட் அவுட்டின் மதிப்பு ஒரு கோலியை விட அதிகம் என்று மேட்டுத் தொரை பிடிவாதம் பிடிக்க, எங்கள் தொரை ரப்பர்ப் பால் ஏற்றுகிற வண்டி மாட்டில் ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தார். இதைப் பெரட்டுக் களத்தில், காலையில் பேர் கூப்பிடுகிற இடத்தில், ஆபீஸ் கணக்குப்பிள்ளையான கிராணி எல்லாருக்கும் முன்னால் சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். என்னைக் கேட்பார்கள் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. அப்பாவும் அம்மாவும் காடு வெட்டின காலத்துக் காய்ச்சலில் போய்விட்டார்கள். எந்த லயத்தில் படுத்தால் என்ன என்ற நினைப்பு.

மேட்டுத் தோட்டத்து ஆபீசுக்கு முன்னால் காளையை இறக்க அரை மணி நேரம் ஆயிற்று. அதே லாரியில் போக வேண்டியவன் ஒரு தகரப் பெட்டியோடு மரத்தடியில் நின்றான். என்னை விட இரண்டு வயது சின்னவன் இருப்பான். ஒல்லி. முழங்காலுக்குக் கீழே மட்டும் இரும்பு மாதிரி இறுகிய கால். ஆட்டத்தில் எத்தனையோ தடவை அவனை எதிரே பார்த்திருக்கிறேன், பேசியதில்லை.

"அண்ணே, ஒங்களுக்கு என் ரூம்தான் குடுத்திருக்காங்க. மழ பேஞ்சா அடுப்பு மூலையில ஒழுவும், ஒரு மங்கு வச்சிருங்க" என்றான். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "பக்கத்து வீடு எங்கக்கா. கோவமா இருக்கும். ஒங்க மேல இல்லண்ணே, பொதுவா கோவம்" என்றான்.

"அக்காவும் ஒன்கூட வரலியா?"

"தொரை விடலண்ணே. நல்லா பால்மரம் வெட்டுற கை, குடுக்க மாட்டேன்னுட்டாரு. அங்கயும் குடும்ப வீடு காலியில்லயாம்."

லாரி கிளம்பும்போது அவன் அக்கா வந்தாள். தலையில் கட்டிய துணியை அவிழ்க்காமல், ரப்பர்ப் பால் வாளி கையில் இருக்க, மரப்பட்டையைச் சீவிப் பால் எடுக்கிற வெட்டுக்காட்டிலிருந்து நேராக வந்திருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். இந்த நாட்டுக்கு வந்த இரண்டாம் வருஷம் புருஷன் மேல் மரம் சாய்ந்து செத்துப் போனான் என்றும், தம்பியை இடுப்பில் சுமந்த நாளிலிருந்து அவளே வளர்த்தாள் என்றும் பிறகு தெரிந்துகொண்டேன். அன்று அவள் என்னையும் பார்க்கவில்லை, காளையையும் பார்க்கவில்லை. லாரி வளைவில் திரும்புகிற வரைக்கும் நின்றுவிட்டு வாளியோடு பால் நிறுக்கிற ஸ்டோருக்குப் போய்விட்டாள்.

தோட்டத்துக் கடையை நடத்தியவர் மலாக்கா பட்டணத்துத் தெங்கேராவிலிருந்து வந்த ஒரு பாய். அங்கே அவர் அண்ணனுக்குப் பெரிய மளிகைக் கடை. இது அதன் கிளை மாதிரி. ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்தக் கடை பெஞ்சில்தான் தோட்டமே கூடும். நான் வந்த பிறகு அங்கே பேச்சு ஒன்றே ஒன்றுதான்: தொரை மாற்றியது சரியா, தப்பா.

எதிர்க்கட்சிக்குத் தலைவர் எங்கள் அணியின் சென்டர் ஹாப். நாற்பது வயது, பதினைந்து வருஷமாக நடு மைதானத்தில் ஆடுகிறவர், நிமிஷத்துக்கு ஒரு தரம் யாரையாவது திட்டாமல் அவரால் ஓட முடியாது. தொரை பக்கம் பேசுகிறவர் கங்காணி. நான் கருவாடு வாங்கப் போன ஒரு நாள் இரண்டு பேரும் உச்சத்தில் இருந்தார்கள்.

"நீங்களே சொல்லுங்க பாய், எவனாச்சும் அடுப்பக் குடுத்துட்டுச் சட்டி மூடிய வாங்குவானா?" என்றார் சென்டர் ஹாப்.

பாய் இரண்டு பக்கமும் வியாபாரம் பார்க்கிறவர். "ஆட்டத்தப் பத்தி எனக்கு என்னங்க தெரியும்" என்று தராசைத் துடைத்தார்.

"போன வருசம் ஏழு கோலு வாங்குனது மறந்து போச்சாலா?" என்றார் கங்காணி. "அந்தப் பய ரெண்டு போட்டான், சரி. ஏழு வாங்குனமே! இப்ப மூணு ஆட்டத்துல மொத்தமே நாலு."

"வாங்குனத விடுங்க. போட்டது எத்தன?"

கங்காணி வெற்றிலையை மென்றார்.

"ஒண்ணு. அதுவும் அவனுங்க பேக்கு கால்ல பட்டு உள்ள போனது. கோலு வாங்காம இருந்தா கோப்பை வருமா? எதிராளி பயப்படணும்லா. நம்ம பயல இடது பக்கம் பாத்தாலே அவனுங்க ரெண்டு பேர அங்க நிறுத்துவானுங்க. நடுவுல எனக்கு எடம் கெடைக்கும். இப்ப அந்த ரெண்டு பேரும் எம்மேலல்ல ஏறி நிக்கிறானுங்க!"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போது யாரோ ஒருத்தன், "எது எப்பிடியோ, மாடு நல்ல மாடுப்பா" என்றான். பெஞ்சே அதிர்ந்தது. நானும் சிரித்துவிட்டு, கருவாட்டை வாங்காமல் வீட்டுக்கு வந்தேன்.

லெப்ட் அவுட் இடத்துக்கு ஆள் தேட தொரை செய்த வேலையும் பேச்சுக்குத் தீனி. அந்த மாதம் ஊரிலிருந்து கப்பலில் வந்த புதுச் சனம் தோட்டத்துக்கு வந்தது. ஆபீஸ் வாசலில் அவர்களை வரிசையாக நிறுத்தி, கிராணி ஒரு பந்தை உருட்டிவிட்டார். பயணக் களைப்பில் நின்ற மனிதர்கள் விழித்தார்கள். ஒருவன் குனிந்து பந்தை எடுத்துத் துடைத்து, பயபக்தியோடு கிராணி கையில் கொடுத்தான். இன்னொருவன் பயத்தில் ஓங்கி உதைத்தான். பந்து ஆபீஸ் கூரையைத் தாண்டியது. அவன்தான் புது லெப்ட் அவுட் என்று தொரை கை காட்டினார். அவன் இரண்டு ஆட்டம் ஆடினான். பந்தை எந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டும் என்பதை இடைவேளைக்குப் பிறகு ஒவ்வொரு தரமும் மறந்துவிடுவான். பாவம், வெட்டுக்காட்டில் நல்ல வேலைக்காரன்.

பக்கத்து வீட்டு அக்கா மூன்று மாதம் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்போம். நான் குடத்தை நகர்த்தி வழி விடுவேன். அவள் நான் போன பிறகுதான் வருவாள். பிறகு ஒரு நாள், நாங்கள் ஆற்றோரத் தோட்டத்துக்குச் சும்மா ஓர் ஆட்டம் ஆடப் போகிறோம் என்று தெரிந்து, வாசலில் வந்து நின்றாள்.

"தம்பி, இத அவன்கிட்ட குடுத்திருவியா?" ஒரு சீசாவில் நார்த்தங்காய் ஊறுகாய். ஒரு சட்டை.

"குடுத்திர்றேன்க்கா."

போகாமல் நின்றாள். "அவன ஏன் குடுத்தாங்க, எதுக்குக் குடுத்தாங்கன்னு கடையில தெனமும் பேசுறாங்க. அவன் சாப்புட்டானான்னு ஒருத்தராவது கேட்டாங்களா சொல்லு."

நானும் கேட்டதில்லை.

அங்கே போனால் அவன் நன்றாகத்தான் இருந்தான். நாலு பேரோடு ஓர் அறை. மரம் வெட்டினால் கால் களைத்துவிடும் என்று அந்தத் தொரை அவனை ஆபீசில் தபால் கொண்டுபோகிற வேலையில் வைத்திருந்தார். ஊறுகாய் சீசாவை அங்கேயே திறந்து, விரலை விட்டு நக்கினான். "அக்கா எளச்சிருச்சாண்ணே?" என்று இரண்டு தரம் கேட்டான். அதற்குப் பிறகு ஏதாவது சாக்கில் மாதம் ஒரு தரம் நான் அங்கே போய் வந்தேன். போகும்போது ஊறுகாயோ முறுக்கோ. வரும்போது அவன் சொன்ன சேதி. அக்கா அடுப்பை ஊதிக்கொண்டே, நான் சொல்வதைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்துக் கேட்பாள். என் தட்டிலும் சோறு விழத் தொடங்கியது. அந்த எட்டு மாதம் எனக்கு ஒரு வீடு இருந்தது என்று சொன்னால் தப்பில்லை.

கோப்பை ஆட்டத்தில் எங்கள் தோட்டமும் ஆற்றோரமும் கடைசிவரை வந்தன. இரண்டு தொரைகளும் மாற்றியது சரிதான் என்று நிரூபிக்கப்போகிற நாள் அது. அலோர் காஜா திடலைச் சுற்றி லாரிகள். சனங்கள் கோடி வேட்டி, புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அக்கா வரவில்லை. "யாரு செயிக்கணும்னு நான் வேண்டிக்கிறது?" என்று சொல்லிவிட்டாள்.

எல்லாரும் வெறுங்காலோடுதான் ஆடுவோம். அந்த வருஷம் எங்கள் தொரை எனக்கு மட்டும் ஒரு ஜோடி பூட்ஸ் வரவழைத்துக் கொடுத்திருந்தார். கோலிக்குப் பூட்ஸ் இருந்தால் பந்தைத் தூரமாக உதைக்கலாம் என்பது அவர் எண்ணம். தோலும் ஆணியுமாகக் கனக்கும்.

முதல் பாதியில் அவன் ஒரு கோல் போட்டான். நான் வலது பக்கம் சாய்வேன் என்று அறிந்து இடது பக்கம் தட்டிவிட்டான். போகிறபோது என்னைப் பார்த்துச் சிரித்தான். எங்கள் சென்டர் ஹாப் தலையால் ஒன்று போட்டார். அப்புறம் பெனால்டியில் இன்னொன்று. இரண்டுக்கு ஒன்று என்று நாங்கள் முன்னால். ரெப்ரீ கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

அப்போது நடு மைதானத்திலிருந்து ஒரு பந்து இடது ஓரத்துக்குப் போயிற்று. அவன் எங்கள் பேக்குகள் இரண்டு பேரையும் தாண்டி உள்ளே வந்தான். அவனும் நானும் மட்டும். நான் கோலை விட்டு வெளியே ஓடினேன். அவன் பந்தைக் கொஞ்சம் நீளமாகத் தட்டிவிட்டான், ஒரு முழம் கூடுதலாக. நான் காலை நீட்டிப் பாய்ந்தேன். பந்து என் பூட்ஸில் பட்டு வெளியே போயிற்று. பந்துக்குப் பின்னால் அவன் கால் இருந்தது.

காய்ந்த ரப்பர்க் கிளையை மிதித்த மாதிரி ஒரு சத்தம். அந்தக் கூச்சலில் அது எனக்கும் அவனுக்கும் மட்டும்தான் கேட்டிருக்கும். அவன் கத்தவில்லை. "அண்ணே" என்றான். என்னைக் கூப்பிடுகிற மாதிரி, மெதுவாக.

ரெப்ரீ பவுல் என்று சொல்லவில்லை. நான் பந்தைத்தான் தொட்டேன் என்றார். அவனை ஒரு பெஞ்சில் படுக்கவைத்துத் தொரையின் காரில் மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மிச்சமிருந்த சில நிமிஷம் ஆடி முடித்தோம். எங்கள் தொரை கோப்பையை வாங்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

திரும்பி வருகிற லாரியில் பாட்டும் கூத்தும். என்னைத் தோளில் தூக்க வந்தார்கள், வேண்டாம் என்றேன். கடை வாசலில் இறங்கியதும், ஒரு வருஷமாக என்னைச் சட்டி மூடி என்று சொன்ன சென்டர் ஹாப் எல்லாருக்கும் முன்னால் வந்து என் இரண்டு கையையும் பிடித்தார்.

"தம்பி, நான் சொன்னது தப்பு. தொரை மாத்துனதுதான் சரி. இனிமே ஒருத்தன் ஒன்னப் பத்தி வாயத் தொறந்தா நான் கேப்பேன்."

"பாத்தியாலா! நான் அன்னிக்கே சொன்னேன்" என்றார் கங்காணி.

ஒரு வருஷம் நடந்த வழக்கு அன்றைக்குத் தீர்ந்தது. கூட்டத்துக்குப் பின்னால் அக்கா நின்றாள். எங்களுக்கு முன்னால் வந்த லாரிக்காரர்கள் அவளிடம் சொல்லிவிட்டார்கள். நான் அவளிடம் போனேன்.

"பந்தத்தானே பாத்த?" என்றாள்.

"ஆமாக்கா."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. நான் சொன்னது உண்மையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பந்தைப் பார்த்தேன். காலையும் பார்த்தேன். இரண்டும் ஒரே நேரத்தில் என் கண்ணில் பட்டன. என் கால் அதற்கு முன்பே கிளம்பியிருந்தது. பின்னுக்கு இழுத்திருக்க முடியுமா? கடையில் ஒரு வருஷமாக அவர்கள் சிரித்த சிரிப்பு என் காலுக்குள் இருந்ததா? இதை நான் பல வருஷம் யோசித்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அக்காவும் பஸ் பிடித்து மலாக்காவுக்குப் போவோம். தெங்கேராவில் இறங்கி, பாயின் அண்ணன் கடையில் ரொட்டியும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடப்போம். வழியில் அவள் பேசமாட்டாள். கோபம் என்று சொல்ல முடியாது. நான் பின்தங்கினால் நின்று பார்ப்பாள்.

அவன் கட்டிலில் சாய்ந்துகொண்டு, காலில் மாவுக்கட்டோடு, எங்களைப் பார்த்ததும் ஆட்டத்தைப் பற்றித்தான் பேசுவான்.

"தப்பு என்னோடதுண்ணே. நீளமா தட்டிட்டேன். நீங்க வெளிய வர்றீங்கன்னு பாத்தவொடனே தூக்கி விட்ருக்கணும். ஒங்க தலைக்கு மேல."

"நான் கோல்லயே நின்னுருந்தா?"

"நின்னுருந்தா இடது பக்கம் அடிச்சிருப்பேன். கோலுதான்! நீங்க வந்ததுதான் சரி. நானா இருந்தாலும் வந்திருப்பேன்."

போர்வையின் மேல் விரலால் கோடு போட்டுக் காட்டுவான். இங்கே நீங்கள், இங்கே நான், இங்கே பந்து. நானும் என்னை மறந்து அவன் விரலைத் தள்ளிவிட்டு என் கோட்டைப் போடுவேன். ஒரு தரம் அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது அக்கா எழுந்து வெளியே போய்விட்டாள். வராந்தாவில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பஸ் நேரம் வரைக்கும் உள்ளே வரவில்லை.

எலும்பு கூடியது. ஆனால் கால் இரண்டு விரல் அகலம் குட்டையாகக் கூடியது. டாக்டர் தன்னால் ஆனதைச் செய்தார். உடைந்த இடம் அப்படி. அவன் ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு ஆற்றோரத் தோட்டத்துக்கே திரும்பினான். தபால் வேலைக்கு நடக்க முடியாது. ஸ்டோரில் உட்கார்ந்து, மரத்தில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பாலைப் பொறுக்கிப் பிரிக்கிற வேலை கொடுத்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ரப்பர் விலை விழ ஆரம்பித்தது. முதலில் யாரும் பயப்படவில்லை, விழும், ஏறும். அப்புறம் வாரத்தில் இரண்டு நாள் வேலை நின்றது. சம்பளத்தைக் குறைத்தார்கள். சில தோட்டங்களில் மரத்தை வெட்டாமலே விட்டுவிட்டார்கள். நிரைகளில் லாலான் புல் இடுப்பு உயரத்துக்கு வளர்ந்தது. பிறகு பேர் வாசிக்கத் தொடங்கினார்கள். பேர் வந்தவர்களை லாரியில் ஏற்றிக் கிள்ளான் துறைமுகத்துக்குக் கொண்டுபோய், ஊருக்குப் போகிற கப்பலில் ஏற்றினார்கள். ஆற்றோரத்தில் வாசித்த முதல் பட்டியலிலேயே அவன் பேர் இருந்தது. மரம் வெட்டாதவர்கள் முதலில்.

கேள்விப்பட்ட அன்றைக்கே வேலை முடிந்ததும் நான் எங்கள் தொரையைப் பார்க்கப் போனேன். அதுவரை தொரை கூப்பிடாமல் நான் ஆபீசுக்குப் போனதில்லை. கிராணி தடுத்தார். "என்னாலா ஒனக்கு? இப்ப போனா கடிச்சுத் துப்பிருவாரு" என்றார். நான் நின்றுகொண்டே இருந்ததைப் பார்த்துத் தொரையே உள்ளே கூப்பிட்டார். அவர் தோட்டத்துத் தமிழ் பேசுவார்.

"என்னா கோலி?"

"தொரை, முந்தி ஒருத்தன மாத்துனீங்களே. இப்ப திருப்பி மாத்திருங்க தொரை. என் பேர அந்தப் பட்டியல்ல போட்டு என்னையக் கப்பல்ல ஏத்துங்க. அவன இங்க எடுத்துக்குங்க. அவனுக்கு இங்க அக்கா இருக்கு."

அவர் சிரிக்கவில்லை. "அவன் கால் என்னா செய்யும்? நல்ல கால் இருக்குறவனுக்கே இங்க வேலை இல்லே. அந்தத் தொரைக்கு நான் என்னா சொல்லும்? இது பந்தாட்டம் இல்லே."

"உக்காந்து செய்யிற வேலை எதாச்சும்..."

"நீ போ. நல்ல ஆளு நீ. போ, வேலை பாரு."

இரண்டு மாதத்தில் அவரையும் கம்பெனி சீமைக்குத் திருப்பி அனுப்பிவிட்டது. அப்போது அதெல்லாம் எனக்குத் தெரியாது. கிளப்பில் ஒரு மாலை நேரத்தில் இரண்டு பேர் பேசி முடித்த காரியத்தை, பேசித் திருப்பிவிடலாம் என்று நம்பிப் போயிருந்தேன்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். நான் போய்க் கேட்டதையும் சொன்னேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"ஒன்ன அனுப்பிட்டு அவன எடுக்கச் சொன்னியா?"

"ஆமாக்கா."

"மறுபடியும் அதே வேலதானா?" என்றாள். "ஆள மாத்தி ஆள." முறத்தைக் கீழே வைத்தாள். "நான் போறேன் தம்பி. அவன்கூட நானும் போறேன். நொண்டிக் கால வச்சிக்கிட்டு அவன் தனியா அந்த ஊர்ல என்னா பண்ணுவான்? அங்க எங்களுக்கு நெலமும் இல்ல, ஆளும் இல்ல."

"ஒங்க பேரு பட்டியல்ல இல்லக்கா. இங்க ஒங்களுக்கு வேல இருக்கு."

"பேரு எழுத எம்புட்டு நேரமாவும்?"

மறுநாள் அவளே ஆபீசுக்குப் போய்ப் பேர் கொடுத்தாள். போகிறேன் என்று வருகிறவர்களை யாரும் தடுக்காத காலம் அது.

அவர்களை ஏற்றிப்போன லாரியோடு நானும் கிள்ளான் வரைக்கும் போனேன். ஒரு முழு நாள் பயணம். கப்பல்துறைக் கொட்டகையில் நூற்றுக்கணக்கான சனம். மூட்டை, முடிச்சு, தொட்டில் துணி. வரும்போது எந்தப் பெட்டியோடு வந்தார்களோ அதே பெட்டியோடு நின்ற மனிதர்கள். அவன் கம்பை ஊன்றிக்கொண்டு கூட்டத்தை வேடிக்கை பார்த்தான். இரண்டு வயதில் வந்தவன்; ஊர் எப்படி இருக்கும் என்றே தெரியாது. "அங்கயும் பந்து ஆடுவாங்களாண்ணே?" என்று கேட்டான். ஆடுவார்கள் என்றேன். எனக்கு எப்படித் தெரியும்?

வரிசை நகர்ந்தபோது அக்கா என் பக்கம் திரும்பினாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். "சோத்த வடிச்சி வச்சிக்கிட்டு அப்பிடியே தூங்கிராத. சாப்புட்டுப் படு" என்றாள். அவன் என் கையைப் பிடித்து ஒரு தரம் அழுத்தினான். ஆள் மேல் ஆள் மறைத்துக்கொண்டது. கப்பலின் மேல்தட்டில் அவர்களைத் தேடினேன்; தெரியவில்லை.

மேட்டுத் தோட்டத்தில் நான் இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தேன். பக்கத்து வீடு காலியாகக் கிடந்தது. பந்தாட்டம் நின்றிருந்தது. ஊரிலிருந்து ஒரு கடிதம் வந்தது; யாரோ எழுதிக் கொடுத்தது. சௌக்கியமாக வந்து சேர்ந்தோம், திருச்சி பக்கம் ஒரு ஊரில் ரயிலடிக்குப் பக்கத்தில் குடிசை, அக்கா களை எடுக்கப் போகிறது, நான் ரயிலடியில் வெள்ளரிப்பிஞ்சு விற்கிறேன், இங்கே பையன்கள் துணிப்பந்து ஆடுகிறார்கள், இடது காலால் எப்படித் தட்டுவது என்று உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்லிக் கொடுக்கிறேன், சென்டர் ஹாப்பு அண்ணன் யாரைத் திட்டிக்கொண்டிருக்கிறார் என்று கேட்டிருந்தது. நான் பதில் எழுதினேன். அவன் எழுதினான். இப்படி நாலைந்து கடிதம்.

விலை கொஞ்சம் நிமிர்ந்த பிறகு, மிச்சமிருந்த ஆட்களை வைத்து மூன்று தோட்டத்துக்குச் சேர்த்து ஓர் அணி என்று ஏற்பாடாயிற்று. புதுத் தொரைகள் உட்கார்ந்து ஆள் பொறுக்கினார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். பூட்ஸ் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டு வெறுங்காலோடு நின்றேன். யாராவது தனியாக உள்ளே வந்தால் நான் கோலை விட்டு வெளியே போகவில்லை. மூன்றாவது ஆட்டத்தோடு என்னை எடுத்துவிட்டார்கள். அது சரியான முடிவு. சென்டர் ஹாப் மட்டும் கடையில் எனக்காகச் சண்டை போட்டார்.

அதையெல்லாம் அவனுக்கு விவரமாக எழுதினேன். லெப்ட் அவுட் இடத்துக்கு இரண்டு பேரைப் பார்க்கிறார்கள்: ஒருவன் வேகம், ஆனால் வலது கால்காரன், இன்னொருவன் நிதானம், ஆனால் தோளைக் கொடுத்து மோதப் பயப்படுகிறான். கங்காணி முதலாமவன் என்கிறார், சென்டர் ஹாப் இரண்டாமவன் என்கிறார், நீ யாரை எடுப்பாய் என்று கேட்டு, மைதானம் வரைந்து, யார் எங்கே நிற்கிறார்கள் என்று புள்ளி வைத்து, இரண்டு பக்கம் நிறைய எழுதி லூபோக் சீனா தபாலில் சேர்த்தேன்.

அதற்கு ஐந்தாம் நாள் ஒரு கடிதம் வந்தது. வேறு கையெழுத்து. ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு, ஒன்பது நாள் கிடந்து, தம்பி போய்விட்டான் என்று அக்கா எழுதச் சொன்னது. அந்தக் கடிதம் வந்து சேர்வதற்கே மூன்று வாரம் ஆகியிருந்தது. மைதானம் வரைந்து நான் எழுதும்போதே அவன் இல்லை.

தபாலாபீசுக்கு ஓடினேன். பை நேற்றே போய்விட்டது, பினாங்கு போய்க் கப்பலேறும் என்றார்கள். வேறொரு கடிதம் எழுதி அன்றைக்கே போட்டேன். அதுவும் அடுத்த கப்பலில்தான் போகும். முந்தினதுதான் முதலில் போய்ச் சேரும். அக்காவுக்கு எழுத்து தெரியாது. யாரையாவது கூப்பிட்டுத்தான் வாசிக்கச் சொல்லியிருப்பாள். வாசித்தவர் அந்தப் புள்ளிகளையும் கோடுகளையும் அவளிடம் என்னவென்று சொன்னாரோ. அவளிடமிருந்து அதற்குப் பிறகு கடிதம் வரவில்லை. அடுத்த வருஷம் நான் தோட்டத்தை விட்டுப் மலாக்காவுக்குப் பக்கத்துப் பாச்சாங்கில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் வேலைக்குச் சேர்ந்தேன். புது விலாசத்தை அவளுக்கு மூன்று தரம் எழுதினேன்.